கொடும்பாவி போட்டிருந்த சட்டை

அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கும்பகோணத்துப் பக்கம், வாசலிலேயே வாய்க்கால் ஓடும் ஓர் ஊரிலிருந்து, விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்தோம். பஸ் கோவில்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் மண் கறுத்துவிட்டது. யாரோ ஊரையே கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இது கரிசல் மண், இதன் நிறமே இப்படித்தான் என்று அப்பா சொன்னார். சொன்னாரே ஒழிய, அவரும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்பா விவசாய இலாகாவில் சின்ன உத்தியோகத்தில் இருந்தார். ஊர் ஊராகப் போய் விதை, உரம், பூச்சி மருந்து பற்றிச் சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. அதோடு அந்த ஊர் ஆபீசுக்கு வருகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழை அளப்பது. ஆபீசுக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓர் உருளை நின்றது. அதன் தலையில் ஒரு புனல். மழை பெய்தால் தண்ணீர் புனல் வழியாக உள்ளே இறங்கி நிற்கும். தினமும் காலையில் எட்டரை மணிக்கு அப்பா அதைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, தாலுகா ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய ஊரில் அப்படி ஒரு வேலை இருந்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். இங்கே ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் தினமும் திறந்து பார்த்து மூடுவதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அனுப்பியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வந்த வாரத்திலேயே அப்பா 'மழைக்காரர்' ஆனார். நான் 'மழைக்காரர் மவ' ஆனேன்.

ஆபீசுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை. அப்பா அளந்துவிட்டுத் திரும்பும்போது கடைக்கார அண்ணாச்சி தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்ன சார், இன்னைக்கு எம்புட்டு?"

"ஒண்ணுமில்லீங்க" என்பார் அப்பா, தஞ்சாவூர் மரியாதையோடு.

"பாத்து அளங்க சார். சிந்திறப் போவுது."

இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. பெஞ்சில் இருப்பவர்களும் சிரிக்க மாட்டார்கள். அந்த ஊரின் விசேஷமே அதுதான். எங்கள் பழைய ஊரில் கேலி பேசுகிறவர் முதலில் தானே சிரித்துவிடுவார். கேட்கிற நமக்கும் இது கேலி என்று தெரிந்துவிடும். இந்த ஊரிலோ கேலி பேசும்போதுதான் எல்லோரும் முகத்தை இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல வைத்துக்கொண்டார்கள். நிஜமாகவே துக்கமான விஷயத்தையும் அதே முகத்தோடுதான் பேசினார்கள். எது எது என்று பிரித்தறிய எனக்கு வழியே இல்லாமல் போனது.

நாங்கள் குடியிருந்தது மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கும் பாய் ஒருவரின் வீட்டில். சாமான் இறக்கிய அன்றே அவர் அம்மாவிடம் வந்து, "ராத்திரி யாரும் கதவத் தட்டுனா திறக்காதீங்கம்மா. தண்ணி லாரிக்காரனா இருந்தா மட்டும் திறங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் தட்டுவார்கள், திறந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பேச்சி என் வகுப்புத்தான். அவள் என்னைப் புஞ்சைக்குக் கூட்டிப்போய், வெடித்துக் கிடந்த நிலத்தில் என் கை முழுசும் உள்ளே போகிற ஒரு பிளவைக் காட்டினாள். "இதுக்குள்ள எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு போயிட்டு, ஏட்டி. அடுத்த மழைக்கு அங்கிட்டு எப்போதும்வென்றான் ஊருல போயி எந்திரிச்சிது" என்றாள். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வெடிப்பு கண்ட இடத்தில் எல்லாம் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். இந்தப் பிள்ளைக்குக் காலில் என்ன கோளாறு என்று வாத்தியார் அப்பாவிடமே கேட்டுவிட்டார்.

புரட்டாசியில் எல்லோரும் காய்ந்த மண்ணிலேயே விதைத்தார்கள். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் மண்ணுக்குள் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். ஐப்பசி பிறந்தது. மேகம் கூடும், இருட்டிக்கொண்டு வரும், அப்படியே கிழக்கே நகர்ந்து போய்விடும். விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். டீக்கடையில் கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஆனால் அண்ணாச்சி இப்போது வேறு மாதிரிப் பேச ஆரம்பித்திருந்தார்.

"சார் வந்து பூட்டிட்டாருல்லா. இனி சாவிய அவிய எடுத்தாத்தான் உண்டு."

அப்பா சிரித்துவிட்டு வந்துவிடுவார். அந்தக் கடையில் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். ஒருநாள் தெருக்குழாயில் குடம் போட்டு நின்றபோது யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, "இவிய வந்த நாள்லருந்து ஒரு பொட்டு இல்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்தபிறகு அம்மா தெருவில் நின்று யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரத்தில்தான் பேச்சி எனக்குக் கொடும்பாவியைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"ஊருக்குள்ள பெரிய பாவி ஒருத்தன் இருந்தா மழை பெய்யாது. அவனக் கால்ல கயித்தக் கட்டித் தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி, கம்மாய்க்கரையில வச்சி எரிச்சிருவாவ. ஒடனே மழ கொட்டும்."

"அது யாருன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பெரிய ஆளுவளுக்குத் தெரியும். இந்த வருசம் வெள்ளிக்கெழம வச்சிருக்காவ" என்று சொல்லிவிட்டு அவள் தூக்குவாளியை வழித்து நக்கினாள்.

நான் மீதிச் சோற்றைக் காக்காய்க்குப் போட்டுவிட்டேன். பெரிய ஆட்களுக்கு யாரைத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மழையைப் பூட்டி வைத்திருக்கிறவர் ஒருவர்தானே ஊரில் இருந்தார். அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் சிரிப்பார். அம்மாவிடம் சொன்னால் அழுதுவிடுவாளோ என்று பயம். இரண்டு ராத்திரி என் பயத்தை நானே வைத்துக்கொண்டு படுத்திருந்ததில் ஒரு யோசனை வந்தது. புனலுக்குள் தண்ணீர் இருந்தால் போதும். அப்பா அளப்பார். அண்ணாச்சி கேட்பார். இன்றைக்கு இவ்வளவு என்று அப்பா சொல்லிவிட்டால், அவர் மேல் குற்றம் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, நல்ல தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு ஓடினேன். கம்பி வேலியில் நான் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. செம்பைக் கவிழ்த்தேன். புனல் மடமடவென்று குடித்தது. அதற்குள் அப்பாவின் சைக்கிள் சத்தம். செம்பை வேலியோரமே போட்டுவிட்டு, ஆபீசுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா உருளையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். வானத்தைப் பார்த்தார். மேகம் ஒரு கீற்றுகூட இல்லை. சுற்றியிருந்த மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தார். புழுதி பறந்தது. பிறகு குவளையில் ஊற்றி அளந்தார். ஒரு குவளை போதவில்லை, மறுபடி மறுபடி ஊற்றினார். ஒரு செம்புத் தண்ணீர் அந்தப் பாத்திரத்தின் கணக்கில் கண்மாய் நிறைந்து ஓடுகிற மழை என்பதெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகு தெரிந்தது. அளந்த தண்ணீரை அவர் வேலியோரத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பினார். நான் சந்து வழியாக டீக்கடைக்கு முந்திக்கொண்டு போனேன்.

"என்ன சார், இன்னைக்கு எம்புட்டு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அப்பா.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. உள்ளே தண்ணீர் இருந்தது. அளந்தார். கொட்டினார். இப்போது இல்லை என்கிறார். அப்படியானால் அண்ணாச்சி சொன்னது நிஜம்தானா? இத்தனை நாளும் பெய்ததையெல்லாம் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு வந்தாரா? அதுவரை அப்பாவுக்காகப் பயந்துகொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அப்பாவிடமே பயம் வந்தது. செம்பை எடுத்து வரலாம் என்று சாயந்திரம் வேலியோரம் போனால் அதைக் காணோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பானை மேல் எப்போதும் இருக்கும் இடத்தில் கவிழ்ந்திருந்தது. அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழாம் வாய்ப்பாடு எல்லோருக்கும் கஷ்டம்தான் என்று அவர் தலையைத் தடவினார்.

வெள்ளிக்கிழமை அப்பா புதூர்ப் பக்கம் முகாம் போயிருந்தார். பள்ளிக்கூடம் விடும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது. பேச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் புகுந்து பார்த்தபோது, தெருவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது ஆளை அல்ல, பொம்மையை. சோளத்தட்டையில் கை கால் கட்டி, பழைய பானைக்குக் கரியால் கண்ணும் மீசையும் எழுதித் தலையாக வைத்திருந்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. பொம்மைதானா! இதற்குப் போயா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று பேச்சியைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினேன்.

அப்போதுதான் அது போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். வெளிர்நீலச் சட்டை. பையோரம் கிழிந்ததை நீல நூல் கிடைக்காமல் பச்சை நூலில் அம்மா தைத்திருந்தாள். அந்தப் பச்சைத் தையல் புழுதியோடு புழுதியாக என் காலடியில் இழுபட்டுப் போனது.

டீக்கடை அண்ணாச்சி கையில் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார். அதே முகம். பாய் தன் கடை வாசலில் நின்று மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக் கொடுத்தார். பின்னால் பெண்கள் தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்து, ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கும்பலின் நடுவில் என் அம்மா இருந்தாள். அவளும் தலையை விரித்திருந்தாள். பேச்சியின் அம்மா ஒரு கையால் அவள் தோளை வளைத்துப் பிடித்திருந்தாள். மற்றவர்கள் குரலில்தான் அழுதார்கள், கண் காய்ந்திருந்தது. அம்மாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. எங்கள் ஊரையும் வாசல் வாய்க்காலையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா இப்படி அழுகிறாள் என்றால் அப்பாவுக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது, அல்லது இனிமேல் ஆகப்போகிறது. எனக்கு வேறு அர்த்தம் எதுவும் தோன்றவில்லை.

முகாம் போனால் அப்பா புதூர் பஸ்ஸில்தான் திரும்புவார். கண்மாய்க்கரையில்தான் பஸ் நிற்கும். இவர்கள் போவதும் அங்கேதான். நான் பேச்சியின் கையை உதறிவிட்டுப் புஞ்சைகளுக்குக் குறுக்கே ஓடினேன். வெடிப்புகளைத் தாண்டவில்லை, எது விழுங்கினாலும் விழுங்கட்டும் என்று ஓடினேன். ஒரு செருப்பு பிளவுக்குள் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டேன். பஸ் அங்கே நிற்கக்கூடாது, நின்றாலும் அப்பா இறங்கக்கூடாது என்று பழைய ஊர்ச் சாமி, புது ஊர்ச் சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். நான் கரை ஏறும்போது பஸ் நின்றுவிட்டது. அப்பா தோள்பையோடு இறங்கினார். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தத்தோடு கூட்டமும் வந்து சேர்ந்தது. பஸ்ஸும் போய்விட்டது.

அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "போகாதீங்கப்பா. திரும்பிப் போயிடலாம்பா, நம்ம ஊருக்கே போயிடலாம்" என்று கத்தினேன். கொட்டு நின்றது. அப்பா பொம்மை மேல் இருந்த தன் சட்டையைப் பார்த்தார். கூட்டத்தில் அம்மாவைப் பார்த்தார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடியை அள்ளி முடிந்தாள்.

அண்ணாச்சி நெருப்புச் சட்டியோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"வந்துட்டீங்களா சார். ஒங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

நான் அப்பாவின் வேட்டியை விடவில்லை. அப்பா தோள்பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அண்ணாச்சி ஒரு கொள்ளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சட்டைக்காரவிய கையாலதான் வைக்கணும்."

அப்பா போய்த் தன் சட்டைக்குத் தானே தீ வைத்தார். பச்சைத் தையல் முதலில் பற்றியது. யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. பாய் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "முன்னொரு தடவ எஞ்சட்டயத்தான் எரிச்சீங்க. அன்னைக்குப் பெஞ்ச மழையில காயப்போட்ட வத்தல் பூரா நனைஞ்சி போச்சி. சார் வீட்டுல எதும் காயப்போட்டிருந்தா எடுத்துருங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது. நான் பையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் எனக்குப் பாவாடை நனைந்திருந்ததை அம்மாதான் முதலில் கவனித்தாள்.

அன்று விளக்கு வைத்ததும் பேச்சியின் அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் எங்கள் வாசற்படி ஏறி நான் பார்த்ததில்லை. "இந்தாங்க மைனி, தொண்ட கட்டிரும்" என்று அம்மாவிடம் டம்ளரை நீட்டினாள். அம்மா அவளோடு சமையற்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். காலையில் வந்து அப்பாவின் சட்டையைக் கேட்டு வாங்கிப்போனது இவள்தான் என்று அவர்கள் பேச்சில் தெரிந்தது. அதைத் தெருவில் போட்டு இழுத்தவளோடு அம்மாவுக்கு என்ன பேச்சு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சட்டை கேட்க வந்தபோது அவள் சொன்னது என்ன என்பதை அம்மா எனக்கு என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அம்மாவும் முதலில் பயந்துபோய், வந்து நாலு மாதம்கூட ஆகவில்லையே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். "வெளியூர்க்காரவிய சட்டையக் கட்டி இழுத்தா மழ அவிய ஊருல போயில்லா பெய்யும், மைனி? எங்க ஊரு ஆளு சட்டதான் வேணும்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ" என்றாளாம் பேச்சியின் அம்மா. மைனி என்று, சொந்த அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போல, அந்த ஊரில் அம்மாவை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தையல் போட்டிருந்தாலும் பெட்டியிலேயே நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன், போய் மனசு விட்டு அழுதும் விட்டு வந்தேன் என்றாள் அம்மா.

மழை, கார்த்திகை பாதி போனபிறகு வந்தது. விதைத்ததில் கொஞ்சம் முளைத்தது, கொஞ்சம் மண்ணோடு போனது. கொடும்பாவிக்குத்தான் வந்தது என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கொடும்பாவி எரித்த மறுநாள் காலையைப் பற்றி. எட்டரை மணிக்கு அப்பா அளக்கப் போனார். உயிரோடு போகிறாரா, உயிரோடு வருகிறாரா என்று பார்க்க நானும் ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே போனேன். வானம் சுத்தமாக இருந்தது. அப்பா திறந்தார், மூடினார், திரும்பினார். டீக்கடையில் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"என்ன சார், இன்னைக்கு எம்புட்டு?"

"இன்னைக்கு இல்ல அண்ணாச்சி" என்றார் அப்பா. அண்ணாச்சி என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. "மூணு நாள் முன்னாடி ஒரு செம்பு பெஞ்சது. நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

"செம்புக் கணக்கா?"

"ஆமா. ஒரு செம்பு. நல்ல தண்ணி."

"அப்பிடின்னா நல்ல மழதான்" என்றார் அண்ணாச்சி. பெஞ்சில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எப்போதும் முதலில் தானே சிரித்துவிடுகிற என் அப்பாவின் முகம் அசையவே இல்லை. அண்ணாச்சியின் முகம், பாயின் முகம், பேச்சியின் முகம், எல்லாம் சேர்ந்து அப்பாவின் முகத்தில் இருந்தது.

அவர் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. அப்பாவையும் இந்த ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்து, தெருவின் அந்தப் பக்கத்தில் தள்ளியே நடந்து வீட்டுக்கு வந்தேன்.